டயரில் எழுதியிருந்தது



ஒரு காருக்கு நான்கு டயர் வாங்க ஒரு தமிழாசிரியனுக்கு எத்தனை நாள் ஆகும்? நமக்குப் பதினேழு நாள்கள் ஆயின. பக்கத்து வீட்டு நண்பர் ஒருவர் இதே வேலையை ஒரு முற்பகலில் முடித்துக்கொண்டு மதிய உணவுக்கு வீடு திரும்பியவர். அவரிடம் நம் கதையைச் சொன்னபோது, "டயர் வாங்கப் போனீங்களா, இல்ல அதுல ஆராய்ச்சிப் பட்டம் வாங்கப் போனீங்களா சார்?" என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் பதினேழு நாள்களில் நாம் கற்றுக்கொண்டவை, இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நாம் கற்பித்து வரும் சிலவற்றோடு வந்து முட்டிக்கொண்டன. எழுதி வைக்கலாம் என்று தோன்றியது அதனால்தான். இயந்திர நுட்பம் அறிந்த அன்பர்கள் இதில் பிழை காணின் பொறுத்தருளித் திருத்த வேண்டும்.

நம் வீட்டில் இருப்பது 1998ஆம் ஆண்டில் வாங்கிய மாருதி 800. நிறம் வெள்ளை என்று பதிவுச் சான்றிதழ் சொல்கிறது. இன்றைய நிறத்துக்குத் தமிழில் பெயர் தேட வேண்டும். தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நம் தந்தையார், தமக்குக் கிடைத்த பணிக்கொடையில் பெரும்பகுதியைப் போட்டு வாங்கிய கார் அது. முதல் மாருதி 800 தில்லியில் ஒருவர் கையில் ஒப்படைக்கப்பட்ட நாள் 1983 டிசம்பர் 14. கடைசி வண்டி ஆலையை விட்டு வெளியேறியது 2014 ஜனவரியில். இடைப்பட்ட முப்பதாண்டுகளில் இருபத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் இந்தியாவின் சாலைகளுக்கு வந்தன. மூன்று சிலிண்டர்கள், 796 சி.சி. எஞ்சின், ஏறத்தாழ 650 கிலோ எடை. மிதிவண்டியும் பேருந்தும் தவிர வேறறியாத எத்தனையோ ஆசிரியர் வீடுகளுக்கு முதன்முதலில் வந்து சேர்ந்த நாற்சக்கர வண்டி இதுதான்.

நம் வண்டிக்கு அதிக வேலை கிடையாது. ஞாயிறுதோறும் தஞ்சாவூரிலிருந்து புறப்பட்டு வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளையும் தாண்டித் திருவையாற்றுக்கு வடக்கே கொள்ளிடக் கரையோரம் உள்ள நம் சிற்றூருக்குப் போய்வரும். அங்கே சிறிது நிலம் இருக்கிறது. எண்பத்தைந்து வயதாகும் தந்தையார் அந்நிலத்தை வாரம் ஒருமுறையேனும் கண்ணால் பார்க்காவிட்டால் உறக்கம் கொள்ளார். இவை தவிர உறவினர் வீட்டுத் திருமணங்கள், எப்போதேனும் ஒரு கோயில். ஆண்டுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடினால் மிகுதி.

சென்ற ஐப்பசியில் கும்பகோணத்தில் ஒரு திருமணம். தந்தையாரும் நாமும் மட்டும் போயிருந்தோம். மாலையில் திருவையாற்றுச் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். கபிஸ்தலத்தைத் தாண்டிக் கணபதி அக்ரஹாரத்துக்கு வருமுன் தூறல் பிடித்துக்கொண்டது. குறுவை அறுவடை முடிந்திருந்த நேரம். தஞ்சை மாவட்டச் சாலைகளை அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சியை விவரிக்க வேண்டியதில்லை; பாதிச் சாலை களமாகிவிடும். ஈரப்பதம் கூடினால் கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சத்தில் தார்ச்சாலையின் சூட்டில் காயவைப்பார்கள். தூறல் விழுந்ததும் குடும்பம் குடும்பமாக ஓடிவந்து தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

பத்து வயதிருக்கும் ஒரு சிறுவன். தார்ப்பாயின் ஒரு முனையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, பின்புறமாகவே நடந்து சாலையின் நடுவுக்கு வந்துவிட்டான். நாம் விரைந்து வரவில்லை. முள் நாற்பதில் இருந்தது. பிரேக்கை அழுத்தினோம். சக்கரங்கள் நின்றன, வண்டி நிற்கவில்லை. நனைந்த சாலையில் உமியின் மேலும் பதரின் மேலும் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஸ்டீயரிங்கைத் திருப்பியது நினைவிருக்கிறது. அது வண்டிக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. கடைசியில் இடப்பக்க முன்சக்கரம் நெல்குவியலில் ஏறிப் புதைந்து நின்றது. சிறுவனுக்கும் நமக்கும் இடையே ஒரு முழம் இருந்திருக்கலாம். அவன் திரும்பிப் பார்த்தான், சிரித்தான், மறுபடியும் தார்ப்பாயை இழுக்கத் தொடங்கினான். அவன் தாயார் ஓடிவந்தார். நம்மைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். "ஒண்ணும் ஆவலைங்க, நீங்க பயந்துடாதீங்க" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தந்தையார் ஒரு சொல்லும் பேசவில்லை. மெல்ல இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தச் சக்கரத்தின் அருகே குந்தி, அதில் ஒட்டியிருந்த நெல்மணிகளைக் கையால் தட்டிக் குவியலில் சேர்த்தார். டயரின் பட்டன்களுக்கு இடையே சிக்கியிருந்த மணிகளை விரலால் ஒவ்வொன்றாக எடுத்தார். பிறகு நம்மை அழைத்தார். "இங்க வந்து பாரு தம்பி. கோடையில கிடக்குற வயல் மாதிரி வெடிச்சிருக்கு."

பார்த்தோம். டயரின் பக்கச்சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் சுற்றிலும் ஓடியிருந்தன. பட்டன் நன்றாக இருந்தது. அதுதான் நம்மை ஏமாற்றிய பொருள். 'மொட்டையாகாத டயர் நல்ல டயர்' என்பதே அதுவரை நம் அறிவு.

மறுநாள் மருத்துவக் கல்லூரிச் சாலையில் ஒரு டயர் கடைக்குப் போனோம். கடைக்காரர் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார், குனிந்தார், பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கங்களைத் தம் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, "படிங்க சார்" என்றார். 2214 என்று இருந்தது. அது ஏதோ ஆலைக் குறியீடு என்று எண்ணினோம். "முதல் ரெண்டு எண்ணு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 2014ஆம் வருஷம் இருபத்திரண்டாவது வாரத்துல செஞ்சது. பதினோரு வருஷம் ஆச்சு. பட்டன் இருந்து என்ன பண்றது? ரப்பர் கல்லாயிருச்சு" என்றார்.

ரப்பர் காற்றாலும் வெயிலாலும் முதுமை அடைகிறது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் இறுகிக்கொண்டே போகிறது. இறுகிய ரப்பர் ஈரச்சாலையைப் பற்றாது. 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே பட்டன் தேய்ந்தால் டயரை மாற்ற வேண்டும் என்பது விதி. அந்த உயரத்தைக் காட்டுவதற்கென்றே பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் வார்த்திருப்பார்கள். நம் டயரில் 4 மில்லிமீட்டர் மீதமிருந்தது. ஆனால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஐந்தாறு ஆண்டுகள் கடந்த டயரை ஆண்டுதோறும் ஆளிடம் காட்ட வேண்டும், பத்தாண்டு கடந்ததைக் கழற்றிவிட வேண்டும் என்பது தொழிலறிந்தோர் சொல்லும் கணக்கு. குறைவாக ஓடும் வண்டிகளே இதில் அகப்பட்டுக்கொள்கின்றன. நிறைய ஓடுபவன் தேய்ந்துபோய் மாற்றிவிடுகிறான். நம்மைப் போல ஞாயிற்றுக்கிழமை ஓட்டுபவன் பட்டனைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருக்கிறான்.

ஆண்டுதோறும் முதுகலை மாணவர்களைப் பெரிய கோயிலுக்கு அழைத்துச் சென்று கல்வெட்டுகளைப் படிக்கச் சொல்லித்தருவது நம் வழக்கம். தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர்களையும், அவர்கள் எவ்வூர்த் தளியிலிருந்து வந்தார்கள், எந்தச் சிறகில் எத்தனையாம் வீட்டில் குடியிருந்தார்கள் என்பதையும் இராசராசன் கல்லில் வெட்டிவைத்திருப்பதைக் காட்டி, 'எழுத்து என்று இருந்தால் குனிந்து படிக்க வேண்டும்' என்று அறிவுறுத்துவோம். ஆயிரம் ஆண்டுக் கல்லைக் குனிந்து படித்தவன், பதினோரு ஆண்டுகள் தன் வீட்டு வாசலில் நின்ற ரப்பரைக் குனிந்து படிக்கவில்லை. அன்று கடை வாசலில் நமக்கு நேர்ந்த நாணம் சிறிதன்று.

படிக்கத் தொடங்கியபின் அந்தப் பக்கச்சுவர் முழுவதும் எழுத்தாக இருந்தது. 145/70 ஆர்12 69எஸ். இதில் 145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது, அதாவது 101.5 மில்லிமீட்டர். 12 என்பது டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே தொடரில் மில்லிமீட்டரும் விழுக்காடும் அங்குலமும் அடுத்தடுத்து நிற்பதைக் கண்டு வியந்தோம். பிறகு நம் நிலப் பத்திரங்கள் நினைவுக்கு வந்தன. தாத்தா காலத்துப் பத்திரத்தில் மாவும் குழியும். தந்தையார் காலத்தில் ஏக்கரும் சென்ட்டும். இன்றைய பட்டாவில் ஹெக்டேரும் ஏரும். மூன்று அளவையில் எழுதினாலும் வயல் ஒன்றுதான் என்று வாழ்பவர்கள் டயர்க்காரரைக் குறை சொல்ல முடியாது.

நடுவில் நிற்கும் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து ரேடியல் என்பதன் சுருக்கம். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி காலத்து டயர்களில் உள்ளிருக்கும் நூலிழைகள் பாய்முடைவதுபோல் குறுக்கும் மறுக்குமாகச் செல்லும். பிரான்சின் மிஷ்லின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்ற ரேடியல் முறையிலோ, இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடுகின்றன. பக்கவாட்டில் பார்த்தால் மையத்திலிருந்து விரிவனபோல் நிற்கும். இங்கே தமிழாசிரியன் ஒரு கணம் மகிழ்ந்தான். சக்கரத்தின் குடத்திலிருந்து விளிம்புக்கு விரியும் கால்களுக்குத் தமிழில் பெயரே 'ஆர்' அல்லவா? ஆரக்கால், ஆரம், ஆரை எல்லாம் அச்சொல்லின் உறவுகள். தற்செயல்தான், ஆனாலும் மாணவர்களுக்குச் சொல்ல ஒரு செய்தி கிடைத்தது.

69 என்பது சுமைக் குறியீடு. அந்த எண்ணுக்கு ஒரு டயர் 325 கிலோ வரை தாங்கும் என்று பொருள். 'எஸ்' என்பது மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம் வரை ஏற்றது என்பதன் குறி; நம் காருக்கு அது கனவிலும் வராத வேகம். மயிற்பீலியேயானாலும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் சொன்னதற்கு, டயர் ஆலைக்காரர் இரண்டே இலக்கத்தில் உரை எழுதியிருக்கிறார். புதிதாக வாங்கும் டயரின் இந்த எண் பழையதைவிடக் குறையலாகாது என்பது கடைக்காரர் சொன்ன முதல் விதி.

சிக்கல் அடுத்துத் தொடங்கிற்று. "இந்த சைஸ் இப்ப கையில இல்ல சார். அதிகமா கேக்குறவங்க இல்ல. 145/80 இருக்கு, ஆல்டோ டயர். அதே 12 ரிம்முல உக்காரும். நெறய 800க்குப் போட்டுக் குடுத்திருக்கேன். வண்டியும் கொஞ்சம் தூக்கி நிக்கும். உங்க ஊரு ரோட்டுக்கு நல்லதுதானே?" என்றார். ஆசை காட்டும் சொல்லாக இருந்தது. கொள்ளிடக் கரையிலிருந்து நம் வயலுக்கு இறங்கும் மண்பாதையில் ஒவ்வொரு மழைக்காலமும் வண்டியின் அடிவயிறு உரசுவதை நாம் அறிவோம். ஒருநாள் அவகாசம் கேட்டு வந்தோம்.

அன்றிரவு கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் படிக்கும் நம் மகளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ரிம் 12 அங்குலம் என்றால் 304.8 மில்லிமீட்டர். பழைய அளவில் மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர் 203 மில்லிமீட்டர். மொத்த விட்டம் 507.8. புதிய அளவில் பக்கச்சுவர் 116; இரண்டும் சேர்ந்து 232; மொத்த விட்டம் 536.8. வேறுபாடு 29 மில்லிமீட்டர். அதில் பாதி, அதாவது 14.5 மில்லிமீட்டர், வண்டியின் உயரத்தில் கூடும். கடைக்காரர் சொன்னது உண்மையே.

மகள் அடுத்த வரியை எழுதினாள். விட்டம் 5.7 விழுக்காடு கூடுகிறது, சுற்றளவும் அப்படியே. மாருதி 800இன் வேகமானி, கியர்ப்பெட்டியிலிருந்து வரும் ஒரு கம்பிவடத்தின் சுழற்சியை எண்ணுகிறது. சக்கரம் எவ்வளவு பெரியது என்று அதற்குத் தெரியாது. முள் 60 காட்டும்போது வண்டி 63.4இல் போய்க்கொண்டிருக்கும், 80 காட்டும்போது ஏறத்தாழ 84.6. "அப்பா, நீங்க நாப்பதுன்னு நெனச்சுப் போனா அது நாப்பத்திரண்டுக்கு மேல" என்றாள். அவள் அந்த எண்ணை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தாளா என்று நாம் கேட்கவில்லை. புதிய டயரின் விட்டம் பழையதிலிருந்து மூன்று விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும் என்ற பொதுவிதி ஏன் வந்தது என்பது மட்டும் விளங்கிற்று.

இன்னொன்றையும் அவளே சொன்னாள். சக்கரம் பெரிதானால் அதே எஞ்சின், அதே கியரில் தரையைத் தள்ளும் விசை ஐந்து விழுக்காட்டுக்கு மேல் குறையும். சமவெளிச் சாலையில் தெரியாது. நான்கு பேர் அமர்ந்து, ஒரு மூட்டை நெல்லையும் வைத்துக்கொண்டு, வயலிலிருந்து கரைமேல் முதல் கியரில் ஏறும்போது தெரியும். 796 சி.சி.யில் தானம் செய்வதற்கு உபரி ஏதும் இல்லை. பிரேக்கும் அப்படியே, அதே பழைய பிரேக், பெரிதான சக்கரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

தந்தையார் திண்ணையில் அமர்ந்து இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தார். எண்களில் அவர் தலையிடவில்லை. சற்றுநேரம் கழித்துத் தம் தந்தையின் மாட்டு வண்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ஆளுயரத்துக்குக் கிட்டத்தட்ட வரும் கருவேல மரச்சக்கரம் பூட்டிய வண்டி. சேற்றில் இறங்கினாலும் பெரிய சக்கரம் மிதந்து வரும். ஊரில் டயர் வண்டி வந்த புதிதில், அதன் ஓட்டம் இலகுவாக இருப்பதைக் கண்டு தாத்தாவும் ஆசைப்பட்டு மரச்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, லாரிச் சக்கரம் இரண்டை வாங்கிப் பூட்டினாராம். வண்டிப் பெட்டி தாழ்ந்தது. ஏர்க்கால் மேல்நோக்கி நிமிர்ந்தது. நுகத்தடி மாட்டின் திமிலில் உட்கார வேண்டிய இடத்தில் உட்காராமல் முன்னே அழுத்திற்று. ஒரு மாதத்தில் இரு மாடுகளுக்கும் கழுத்துப் புண். ஆசாரி வந்து அச்சுக்கு மேல் கட்டை வைத்துப் பெட்டியை உயர்த்திய பிறகே சரியாயிற்று.

"சக்கரத்தை மட்டும் மாத்துறதா நெனச்சாரு உங்க தாத்தா. மாட்டுக் கழுத்தும் அதுலதான் இருக்குன்னு மாடு சொல்லித்தான் தெரிஞ்சுது" என்று முடித்தார்.

நம் மகளும் நாமும் இரண்டு பக்கம் நிரப்பிப் போட்ட கணக்கின் விடை அதற்குள் இருந்தது. கியரும் பிரேக்கும் வேகமானியும் மட்கார்டும் ஒரு குறிப்பிட்ட வட்டத்தை நம்பி அளக்கப்பட்டவை. காருக்குக் கழுத்துப் புண் வந்தால் அது சொல்லாது, அவ்வளவுதான் வேறுபாடு.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 145/80 போட்டு ஆண்டுக்கணக்கில் குறையின்றி ஓட்டும் 800காரர்கள் பலர் இருக்கிறார்கள். நாமே இருவரைச் சந்தித்தோம். மெத்தென்று ஓடுகிறது, எங்கும் கிடைக்கிறது, பள்ளத்தில் அடிபடுவதில்லை என்றார்கள். கரடுமுரடான பாதையில் தனியாக மெதுவாகச் செல்பவருக்கு அது ஏற்ற முடிவாக இருக்கலாம். நம் வண்டியில் முதியவர் வருகிறார், சுமை வருகிறது, அடுத்த ஆண்டு ஓட்டக் கற்கப்போகும் பெண் ஒருத்தியும் இருக்கிறாள். கற்பவளிடம் பொய் சொல்லும் வேகமானியைக் கொடுக்க நமக்கு மனமில்லை.

அந்தக் கற்கப்போகும் பெண்ணுக்கு வேறொரு விருப்பமும் இருந்தது என்பதை மறைக்கக்கூடாது. 13 அங்குல அலாய் வீல் போட்டு 155/65 டயர் மாட்டினால் வண்டி அழகாக இருக்கும் என்றாள். கணக்கு அவள் கையாலேயே அதையும் தள்ளிற்று: மொத்த விட்டம் 531.7, கூடுதல் 4.7 விழுக்காடு. ஆனாலும் பார்த்துவிடுவோம் என்று இருவருமாகக் கடைக்குப் போனோம். அழகான சக்கரம் ஒன்றைக் கடைக்காரர் எடுத்துவந்து காட்டினார். நட்டுத் துளைகள் பொருந்தவில்லை. மாருதி 800இன் நான்கு போல்ட்டுகள் 114.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் நிற்கின்றன. பழைய கணக்கில் சரியாக நாலரை அங்குலம். அந்த அலாய் வீலோ 100 மில்லிமீட்டர் வட்டத்துக்குத் துளையிட்டது. புதிய சிறுகார்கள் பலவற்றுக்கு அந்த அளவுதான். நடுத்துளை, சக்கரம் வெளியே துருத்தி நிற்கும் அளவு என்று இன்னும் இரண்டு பொருத்தங்களும் பார்க்க வேண்டுமாம். "சாதகத்துல பத்துப் பொருத்தம் பாக்குறோம்ல சார், இதுல ஆறேழு பாத்தாப் போதும்" என்றார் கடைக்காரர். துளையை நீட்டியோ இடையில் வளையம் கொடுத்தோ பொருத்தித் தருபவர்களும் இருக்கிறார்களாம். தாம் அதைச் செய்வதில்லை என்றும் சொன்னார். நாம் அவரை மதிக்கத் தொடங்கியது அப்போதுதான். உருளும் பெருந்தேர் முழுவதும் நம்பியிருப்பது சிறிய அச்சாணியை என்று குறள் படித்தவன், நான்கு நட்டுகளோடு விளையாடக்கூடாது.

சட்டமும் இதில் ஒரு சொல் வைத்திருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆக்கியோன் குறித்த விவரங்களுக்கு மாறுபடும் வகையில் வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்திற்று. பதினைந்து ஆண்டு கடந்த தனியார் கார்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டியவை. நம் வண்டி 2013, 2018, 2023 என மூன்று தேர்வுகளில் தேறிவிட்டது. 2028இல் நான்காவது. மாணவனைத் தேர்வுக்கு அனுப்பும்போது விதிக்கு உட்பட்டே அனுப்ப வேண்டும் அல்லவா?

ஆக, சுற்றிச் சுற்றி வந்து 145/70 ஆர்12 என்ற பழைய எழுத்திலேயே நின்றோம். திருச்சியிலிருந்து வரவழைக்க வேண்டும், பத்து நாளாகலாம் என்றார் கடைக்காரர். நான்கும் ஸ்டெப்னிக்கு ஒன்றுமாக ஐந்து சொன்னோம். இரண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று சிக்கனம் பேசிய நம் மனத்தை அடக்கினோம். அந்த நான்கும் ஒரே வாரத்தில் பிறந்தவை, ஸ்டெப்னியோ அவற்றுக்கும் மூத்தது. கடைக்காரரிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தோம்: தயாரித்து ஆறு மாதத்துக்கு மேற்பட்டதாக இருக்கக்கூடாது. "இப்ப நல்லாப் படிக்கக் கத்துக்கிட்டீங்க சார்" என்று சிரித்தார்.

காத்திருந்த நாள்களில் வண்டியை எடுக்கவில்லை. தந்தையார் இரண்டு ஞாயிறுகள் பேருந்தில் ஊருக்குப் போய்வந்தார். அந்தச் சமயத்தில் வகுப்பில் பெரியபுராணத்தின் திருநகரச் சிறப்பு நடத்த வேண்டியிருந்தது. திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர்க்காலில் பசுங்கன்று அகப்பட்டு இறந்ததும், மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டதும் அன்பர்கள் அறிந்த கதை. சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் பாண்டியன் அவையில் இதைச் சொல்வாள். ஒவ்வோராண்டும் யாரேனும் ஒரு மாணவர் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்: "கன்று தானாகத்தானே ஐயா வந்து விழுந்தது? இளவரசன் வேண்டுமென்றா ஏற்றினான்?" சேக்கிழாரும் கன்று வந்ததை யாரும் உணரவில்லை என்றே பாடியிருக்கிறார். அரசநீதி, செங்கோல் என்று விடை சொல்லிக் கடந்துவிடுவது இத்தனை ஆண்டுகளாக நம் பழக்கம்.

இவ்வாண்டு ஒரு மாணவி அதே கேள்வியைக் கேட்டார். வாய் உடனே திறக்கவில்லை. கணபதி அக்ரஹாரத்துச் சிறுவன் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு கண்முன்னே பின்னோக்கி நடந்தான். அவனும் தானாகத்தான் வந்தான். நாமும் வேண்டுமென்று ஏற்றப்போகவில்லை. ஆனால் 2214 என்ற எழுத்து பதினோரு ஆண்டுகளாக வாசலில் நின்றுகொண்டிருந்தது. ஒரு முழம் குறைந்திருந்தால், 'தெரியாது' என்ற நம் விடையை அந்தத் தாயார் முன்னால் சொல்லியிருக்க முடியுமா? "தேரை உருட்டுகிறவன் வீதியைப் பார்க்கும் கடமையோடு தேரையும் பார்த்து வைக்கும் கடமை உடையவன் அம்மா" என்று மட்டும் சொன்னோம். உரையாசிரியர் எவரும் அப்படி எழுதியதாக நமக்குத் தெரியாது. அது நம் உரை.

பன்னிரண்டாம் நாள் டயர்கள் வந்தன. ஐந்திலும் இலக்கங்களைப் படித்துப் பார்த்த பிறகே இறக்கச் சொன்னோம். பழைய டிஸ்க்குகளில் இரண்டில் விளிம்பு வளைந்திருந்தது; பெண்டு எடுத்து, துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, வண்ணம் பூசிக் காயவைக்க மேலும் சில நாள்கள் பிடித்தன. பதினேழு என்ற எண்ணிக்கை அப்படித்தான் நிறைந்தது. புதிய வால்வுகள், பேலன்சிங், அலைன்மெண்ட் எல்லாம் முடிந்தன. காற்றழுத்தத்தை மட்டும் கடையில் வழக்கமாக வைக்கும் அளவுக்கு விடாமல், தந்தையார் 1998இலிருந்து பத்திரமாக வைத்திருக்கும் கையேட்டைப் பார்த்து வைக்கச் சொன்னோம். மாதம் ஒருமுறை, ஓடிச் சூடேறாத நேரத்தில் அதைச் சோதிக்க வேண்டும் என்று நாட்காட்டியில் குறித்திருக்கிறோம்.

புறப்படும்போது கடையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் கேட்டார்: "பழசை என்ன சார் பண்றது? பட்டன் இருக்கு. யாராவது வாங்கிப்பாங்க. ஏதாவது போட்டுக் குடுக்கச் சொல்றேன்." அவர் தவறான எண்ணத்தில் சொல்லவில்லை; அந்த டயரைப் பார்க்கும் எவருக்கும், மூன்று வாரத்துக்கு முன் நமக்குத் தோன்றியது போலவே, அது நல்ல டயராகத்தான் தோன்றும். வாங்குபவர் நம்மைவிடப் பணம் குறைந்தவராக இருப்பார். அவர் போகும் சாலையிலும் நெல் காய்ந்துகொண்டிருக்கும்.

தந்தையார் நாம் பேசுமுன் முந்திக்கொண்டார். "தம்பி, ஒரு கத்தி இருந்தா எடுத்துட்டு வா." ஐந்து டயர்களின் பக்கச்சுவரையும் இளைஞர் நீளமாகக் கீறிப் போட்டார். ஒவ்வொன்றையும் கீறி முடிக்கும்வரை தந்தையார் அங்கேயே நின்றார். கீறிய இடத்தில் ரப்பர் உள்ளே எவ்வளவு வறண்டிருந்தது என்று பார்த்தோம்.

அந்த ஞாயிறு ஐந்து ஆறுகளையும் தாண்டி ஊருக்குப் போனோம். திரும்பும்போது தந்தையார் காரணம் சொல்லாமல் கும்பகோணச் சாலையில் போகச் சொன்னார். கணபதி அக்ரஹாரத்துக்கு அப்பால் அந்த இடத்தில் சாலை காலியாக இருந்தது. நெல் விலைபோயிருக்கும். இருபுறமும் சம்பாப் பயிர் பச்சை கட்டி நின்றது. சிறுவன் கண்ணில் படவில்லை. பள்ளிக்கூடம் விடுமுறை நாள், எங்கேனும் விளையாடிக்கொண்டிருப்பான். பின்னால் வண்டி ஏதும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு முப்பதில் போய் ஒருமுறை பிரேக்கை அழுத்திப் பார்த்தோம். நின்றது. தந்தையார் தலையை அசைத்தார். வீடு வரும்வரை அவர் வேறெதுவும் பேசவில்லை.

இதைப் படிக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு வாசலில் ஒரு வண்டி நின்றால், காரோ இருசக்கர வண்டியோ, இன்று மாலை ஒரு கைவிளக்கை எடுத்துக்கொண்டு குனிந்து அந்த நான்கு இலக்கங்களைத் தேடிப் படியுங்கள். சில டயர்களில் அவை உட்புறமாக இருக்கும். சற்று உடம்பை வளைக்க வேண்டும். கல்வெட்டுப் படிப்பவர்களுக்கு அது பழகிய வேலைதான்.